முதுகுக்கு எட்டாத மருந்து

பிள்ளைகள் தூங்குகிற நேரம் இது. எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்குகின்றன. தாய்மார் கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பும்வரை தொட்டிலில் கிடப்பவர்கள் எனக்கும் லெட்சுமிக்கும் பொறுப்பு. லெட்சுமி என்னோடு வேலை செய்யும் இன்னொரு ஆயம்மா. பிள்ளைகளை முந்திக்கொண்டு அவள்தான் முதலில் தூங்கிவிட்டாள். ஆகவே எனக்கு எழுதக் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரியை நினைத்து ஏங்குகிற பொம்பளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அப்படி ஒருத்தி. தெமோதரையைத் தாண்டி ரயில் பதுளைக்குப் போகிற சத்தம் கேட்டால் போதும், பெரியாஸ்பத்திரியின் தோல் நோய் வாட்டு கண்ணுக்குள் வந்துவிடும். தார் மருந்தின் வாடை, அங்கே என்னோடு கிடந்த ஜெசிந்தாவின் பாட்டு, சோமாவதி அக்கேயின் முரட்டுக் கை எல்லாம் சேர்ந்து வரும். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறார். இதைச் சொன்னபோது போனிலேயே சிரித்தார்.

"எல்லாரும் ஆஸ்பத்திரிய விட்டு எப்ப வெளிய வருவோம்னு கெடக்கிறாங்க. நீ ஒருத்திதான், பாக்கியம், அங்கேயே மனச வச்சிட்டு வந்திருக்க."

படுத்துக் கிடக்க யாருக்கு ஆசை? அங்கே எனக்குக் கிடைத்த ஒன்று வீட்டுக்கு வந்தபின் கிடைக்காமல் போய்விட்டது. அது என்னவென்று சொல்லத்தான் எழுதுகிறேன். தோலில் செதில் உதிர்கிற எவளாவது இதைப் படித்துவிட்டு, வேப்பிலைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்காமல் பஸ் ஏறினால் எனக்கு அதுவே போதும்.

மார்கழிக் குளிரில் தொண்டை கட்டியது. மடுவத்தில் வேலை செய்கிறவளுக்குத் தொண்டை கட்டாமல் இருக்காது. ஒரு பிள்ளையின் சளி எல்லாப் பிள்ளைகளையும் சுற்றிவிட்டுக் கடைசியில் ஆயம்மாவிடம் வந்து நிற்கும். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். தொண்டை சுகமானது, பொங்கலும் வந்து போனது. அதன் பிறகு வயிற்றில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது. பிறகு முதுகு, தொடை, கை என்று பரவி, மழைத்துளி தெறித்த மாதிரி உடம்பெங்கும் சிவப்பு.

முழங்கையிலும் தலையிலும் எனக்குப் பல வருடமாகவே வெள்ளைச் செதில் உண்டு. தலையில் இருந்ததைப் பொடுகு என்றும் முழங்கையில் இருந்ததைக் குளிர் வெடிப்பு என்றும் பேர் வைத்து வளர்த்து வந்தேன். புதிதாகக் கிளம்பிய பொட்டும் அதுவும் ஒரே குடும்பம் என்று நான் என்னத்தைக் கண்டேன்?

பொட்டை முதலில் பார்த்தவள் செல்வி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இரண்டு காம்பரா தள்ளி இருக்கிறவள். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகுமுன் மகள் கவிஷாவை என் கையில் கொடுக்க வந்தவள், என் கையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையோடு அப்படியே நின்றாள்.

"அக்கா, அம்மா வந்திருக்கா போல இருக்கே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எங்களிடம் அம்மை போடுவது நோயல்ல. மாரியம்மா வீட்டுக்கு வருவது. வந்தவளைத் துரத்தக் கூடாது, குளிரக் குளிர வைத்திருந்து அவளாக இறங்கிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அன்றே மடுவத்தை விட்டு வந்து காம்பராவுக்குள் படுத்தேன். எங்கள் பக்கத்துக் குளிருக்கு வேம்பு சரியாக வளராது. என் தம்பி சேகர் ஆட்டோ ஓட்டுகிறவன். பிபிலைப் பக்கம் ஓட்டம் போய் ஒரு கட்டு வேப்பிலை கொண்டு வந்து வாசலில் சொருகினான். வீட்டில் தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. மருந்து என்ற பேச்சே கூடாது. தோட்டத்து டிஸ்பென்சரி கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் லயத்துச் சனம் என்னைத் தாங்கியது. அதை மறைக்க மாட்டேன். இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வந்து இளநீர் வைத்துவிட்டுப் போவார்கள், கூழ் காய்ச்சி வைத்துவிட்டுப் போவார்கள். அம்மா இருக்கிற வீடு என்று சத்தம் போட்டுப் பேசக்கூட மாட்டார்கள். அவ்வளவு மரியாதை என் கல்யாணத்தன்றுகூட எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அம்மா இறங்கவில்லை. அம்மை காயும், பொருக்காகும், உதிரும். அதன் பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி நோயாளியை வெளியே விடுவார்கள். என் பொட்டுகளோ காயாமல் ஒன்றோடொன்று சேர்ந்து அகன்றன. மேலே மீன் செதில் போல வெள்ளை படர்ந்தது. நாள் கூடிவிட்டது என்று ஒரு தண்ணி ஊற்றினார்கள். பிறகு இன்னொன்று. மூன்றாவது தண்ணியும் ஊற்றியாயிற்று. தண்ணீர்தான் தீர்ந்தது.

அதற்குப் பிறகு பேச்சு மாறியது. மூன்று தண்ணிக்கும் இறங்காதவள் மாரியம்மாவாக இருக்க முடியாது என்று ஆனதும், இளநீர் வருவது நின்றது. நான் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். செல்வி வந்தாள். பழக்க தோஷத்தில் நான் கை நீட்டி கவிஷாவின் துணிப் பையை வாங்கினேன். அவள் பையை விட்டுவிட்டுப் பிள்ளையை லெட்சுமியிடம் கொடுத்தாள். பிறகு குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். என் விரல் அவள் விரலில் பட்டிருக்கிறது. தண்ணீர் விழுகிற சத்தம் எனக்கு உள்ளே வரைக்கும் கேட்டது.

செல்வியைப் பார்த்து மற்றத் தாய்மாரும் அப்படியே செய்தார்கள். மடுவங்களைப் பார்க்கிற ஐயா வந்தார். மரியாதையான மனிதர்.

"ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. சுகமானதுக்குப் பொறகு வாங்க" என்றார்.

என் மகள் ஹல்துமுல்லையில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள், வீட்டுக்காரர் கொழும்பில். எனக்குப் பகல் பொழுது என்றால் அந்தப் பிள்ளைகள்தான். தாய் கையிலிருந்து என் கைக்கு மாறும்போது ஒரு பிள்ளை கொஞ்சம் கனத்து, பிறகு தோளில் தலை சாய்க்குமே, அதற்காகத்தான் நான் காலையில் எழும்புவது. இனிமேல் யாரும் என் கையில் பிள்ளை தரமாட்டார்களோ என்ற பயம் நோயைவிடப் பெரிதாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அதோடு விரல்களும் வீங்கின. காலையில் எழும்பினால் கையை மூட முடியாது. பகல் ஏறினால்தான் விரல் மடங்கும். சேகர் வந்து பார்த்தான். வேப்பிலையைப் பிடுங்கிச் சாக்கடைக் கானுக்குள் போட்டான்.

"அம்மாவும் இல்ல ஆத்தாவும் இல்ல. ஏறுக்கா ஆட்டோவுல" என்றான்.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் வாங்குப் பலகையில் காத்திருந்தோம். என் கழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள். சேகர் உடனே அந்த இடைவெளியில் வந்து என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டான். வடை வாங்கி வந்து, ஒன்றைப் பிய்த்துப் பாதியைத் தான் தின்றுவிட்டு மற்றப் பாதியை எனக்குக் கொடுத்தான். சின்ன வயதில் பங்கு வைக்கும்போது பெரிய பாதியை அவன் எடுத்துக்கொள்வான். அன்றைக்குச் சின்னதை எடுத்துக்கொண்டான்.

டாக்டர் வயது குறைந்த பெண். சிங்களத்தில் பேசினார், தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ் ஒருத்தர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். டாக்டர் என் முழங்கையைப் பிடித்தார். கையுறை இல்லை. வெறும் விரலால் செதிலைச் சுரண்டிப் பார்த்தார், நகங்களில் இருந்த குழிகளைப் பார்த்தார், ஒவ்வொரு விரல் கணுவையும் அழுத்தினார். எனக்கு வலியில் கண்ணீர் வந்தது என்று நினைத்து "சொரி" என்று மன்னிப்புக் கேட்டார். ஒரு மாதத்துக்கு மேலாக யாரும் விரும்பி என் தோலைத் தொட்டிருக்கவில்லை என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

சொரியாசிஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே தவறிப்போய் வீட்டுக்காரனை அடிக்கிறான், அதனால் தோல் அவசரம் அவசரமாக வளர்ந்து செதிலாகக் கொட்டுகிறது என்று மிஸ் விளக்கினார். எனக்கு இது உள்ளுக்குள் முன்பே இருந்திருக்கிறது; மார்கழியில் வந்த தொண்டைக் கட்டு அதை உசுப்பிவிட்டிருக்கிறது.

"ஒட்டுமா மிஸ்?" என்றேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

"ஒட்டாது. கட்டிப் பிடிச்சாலும் ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது."

"அப்ப எப்ப முழுசா சுகமாகும்?"

மிஸ் டாக்டரைக் கேட்காமலே தலையை ஆட்டினார். "அடக்கி வைக்கலாம். முழுசா போகாது. வரும், போகும்."

சுகமானபின் வாருங்கள் என்று ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. வாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

ரத்தம் எடுத்தார்கள். ஈரலுக்கு ஒன்று, தொண்டைக்கு ஒன்று, நெஞ்சுப் படம் வேறு. எல்லாவற்றையும்விட டாக்டர் விசாரித்துக்கொண்டே இருந்தது இரண்டு சோதனைகளைத்தான். ஒன்றின் பெயர் ஈ.எஸ்.ஆர். ரத்தத்தை ஒல்லியான கண்ணாடிக் குழாயில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். சிவப்பு மெதுவாக அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். உடம்பில் அழற்சி இருந்தால், அதாவது எங்கேயோ ஓர் இடம் சிவந்து வீங்கிக் கொதித்துக்கொண்டிருந்தால், சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சீக்கிரம் கீழே இறங்கிவிடும். எவ்வளவு இறங்கியது என்று அளந்து சொல்வார்கள். மற்றது சி.ஆர்.பி. அழற்சி இருக்கிறது என்று தெரிந்தால் ஈரல் ஒரு புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுமாம். அது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. இரண்டும் எனக்கு அளவைவிடக் கூட என்றார்கள்.

அதைக் கேட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. ரத்தத்தில் கோளாறு என்றால் புற்றுநோய் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அன்று சோறு இறங்கவில்லை. பக்கத்துக் கட்டில் சோமாவதி அக்கே என் தட்டைப் பார்த்தாள். ஹாலிஎலைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிற சிங்கள அம்மாள் அவள். உடம்பு முழுக்கச் செதில். நான் அக்கே என்பேன், அவள் என்னை நங்கி என்பாள், தங்கச்சி என்று அர்த்தம். என் தட்டை எடுத்துச் சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து என் கையில் வைத்தாள். நான் தின்னாமல் இருந்தேன். அந்த உருண்டையைத் தானே தின்றுவிட்டு அடுத்த உருண்டையைப் பிடித்தாள். என் தட்டிலிருந்து. நான் தின்றேன்.

மறுநாள் டாக்டர் வந்து பயத்தைத் தெளிய வைத்தார். அந்த எண்கள் இன்ன நோய் என்று சொல்லாது. தோலைப் பார்த்துத்தான் நோயைச் சொன்னோம். எண் சொல்வது உள்ளே நெருப்பு எவ்வளவு என்பதை மட்டும். சோமாவதி அக்கேக்கு என்னைவிட மோசமான தோல், ஆனால் அவளுடைய ரத்தம் அமைதியாக இருந்தது. எனக்கு மூட்டுக்குள்ளும் அழற்சி இருந்ததால் எண் ஏறி நின்றது. இப்படியே வருடக்கணக்கில் விட்டால் மூட்டு கெடும், இருதயத்துக்கும் நல்லதில்லை என்றார்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் ஒரு வேலை பார்த்தார்கள். ரத்தத்தில் நெருப்பு என்று நான் போனில் சொன்னதைச் சேகர் கேட்டான், அவன் பெண்சாதி கேட்டாள், லயமே கேட்டது. நெருப்பு என்றால் சூடு. சூடு என்றால் குளிர்ச்சி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. சேகர் ஆட்டோவில் இளநீர்க் குலையே வந்தது. வெள்ளரிக்காய் வந்தது, சவ்வரிசிக் கஞ்சி வந்தது. என் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து, வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடி என்று தினமும் போனில் பாடம் நடத்தினார். நானும் விட்டேனா? அடுத்த ரத்தச் சோதனையில் எண்ணை இறக்கிக் காட்டாமல் விடுவதில்லை என்று கட்டிலுக்கடியில் இளநீரை அடுக்கி வைத்துக் குடித்தேன். ராத்திரி முழுக்கக் கக்கூசுக்கு நடை, பகலில் கர்வம்.

சோதனை வந்தது. எண் முன்னைவிட ஏறியிருந்தது.

தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். டாக்டர் வந்து கட்டிலுக்கடியில் இருந்த இளநீர்க் கோம்பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார். தொண்டை சிவந்து கிடந்தது. வாட்டில் இருமல் சுற்றிக்கொண்டிருந்தது, எனக்கும் தொற்றியிருக்கிறது. தொண்டை நோவுக்கும் அதே எண் ஏறும், அதற்குத் தோல் என்றும் தொண்டை என்றும் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்று மிஸ் சொன்னார்.

"எளநிய நிப்பாட்டணுமா மிஸ்?"

"குடிங்க, நல்லதுதான். ஆனா ரத்தத்த அதுல ஏமாத்த ஏலாது."

சேகரிடம் சொன்னபோது அவன் முகம் தொங்கிப்போய்விட்டது. மிச்சக் குலையை வாட்டுக்கே பங்கு வைத்துவிட்டுப் போனான்.

இனி நான் ஏங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். தோல் வாட்டில் பின்னேரம் குளித்துவிட்டு மருந்து பூச வேண்டும். ஒரு களிம்பு புதிதாகப் போட்ட ரோட்டைப் போலத் தார் மணக்கும். கைக்கும் காலுக்கும் நாமே பூசிக்கொள்ளலாம். முதுகுக்கு எட்டாது. எங்களுக்கோ முதுகில்தான் அதிகம். முதல் நாள் நான் கையை முறுக்கி முறுக்கி முயற்சி செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா சிரித்துவிட்டாள். அவள் அப்புத்தளைப் பக்கத்துப் பிள்ளை, கோயிலில் பாட்டுப் பாடுகிறவள்.

"என்னக்கா, புதுசா? இங்க எல்லாம் ரயில்தான். வந்து ஒக்காருங்க" என்றாள்.

கட்டிலின் நீளத்துக்கு ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உட்கார வேண்டும். ஒவ்வொருத்தியும் முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பூச வேண்டும். பூசி முடித்தால் முன்னால் இருக்கிறவள் எழும்பிப் போய்க் கடைசியில் உட்காருவாள், அப்போதுதான் கடைசி ஆளின் முதுகுக்கும் கை கிடைக்கும். ஜெசிந்தா மாதா பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே பூசுவாள். சோமாவதி அக்கேயின் கை மண்வெட்டி பிடித்த கை, சொரசொரவென்று இருக்கும். ஆனால் அவள் பூசுவதுதான் இதம். "ரிதெனவாத நங்கி?" என்று கேட்டுக் கேட்டுப் பூசுவாள், வலிக்கிறதா என்று. இல்லை என்று சிங்களத்தில் சொல்வேன். வலித்தாலும் இல்லை என்பேன், கையை எடுத்துவிடுவாளோ என்று.

காலையில் கட்டில்களுக்குக் கீழே செதில் கொட்டிக் கிடக்கும். வெளியில் என்றால் வெட்கத்தில் செத்துவிடுவோம். அங்கே யாருடைய குவியல் பெரிது என்று ஜெசிந்தா பந்தயம் வைப்பாள். மகள் தன்னுடைய பழைய பருத்திக் கவுண்களை, நன்றாகத் துவைத்து மெதுவானவையாகப் பார்த்து ஹல்துமுல்லையிலிருந்து அனுப்பியிருந்தாள். ஒன்றை அக்கேக்குக் கொடுத்தேன், அவள் அதற்குள் நுழைய மாட்டாமல் பட்ட பாட்டைப் பார்த்து மிஸ்மார் கூடச் சிரித்தார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு வர முடியாமல் மகள் அங்கே அழுதிருப்பாள். அவள் சேர்த்து அனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை நாங்கள் மூவரும் ஒரே போத்தலில் விரலை விட்டுத் தின்றோம். நோயாளிகள்தான், ஆனால் ஒருத்திக்கும் ஒருத்தி மேல் அருவருப்பு இல்லை. என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அவற்றையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

தொண்டை ஆறியது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியது. கிழமைக்கு ஒருநாள் மட்டும் விழுங்குகிற மாத்திரை அது. தினமும் விழுங்கினால் ஆபத்து என்று மிஸ் என்னைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். விரல் மடங்கியது. எண் இறங்கியது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்ன கடைசி விஷயத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த மாத்திரை உடம்பின் காவலைக் கொஞ்சம் தணித்து வைக்குமாம். ஆகவே சளி, காய்ச்சல் உள்ளவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளிடம். என்னால் பிள்ளைகளுக்கு ஒன்றும் வராது. பிள்ளைகளால்தான் எனக்கு வரும்.

வாசலில் அக்கே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் தார் மணத்தது.

லயத்துக்கு வந்தால் குழாயடியில் குடம் நிறையத் தண்ணீர், மஞ்சள், வேப்பிலை. லெட்சுமி ஏற்பாடு செய்திருந்தாள். பெண்கள் நின்றார்கள், செல்வியும் நின்றாள். லெட்சுமி என்னைப் பக்கத்தில் இழுத்துக் காதோடு சொன்னாள்.

"நாலாவது தண்ணி. ஊத்திட்டா அம்மா போயிட்டான்னு எல்லாரும் நம்பிருவாங்க. நாளைக்கே புள்ளய ஒன் கையில குடுப்பாங்க. பேசாம தலைய குனி பாக்கியம்."

குனிந்திருக்கலாம். தோலும் அப்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது திரும்ப வருமே. அடுத்த மார்கழியில் பொட்டுக் கிளம்பினால் என்ன சொல்வேன்? ஊற்றி அனுப்பிய அம்மா மறுபடி வந்தாள் என்றால் அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் திரும்பியே வரமாட்டார்கள். அதோடு எனக்குப் பொய் சொல்லிப் பிள்ளை வாங்கப் பிடிக்கவில்லை.

"இது அம்மா இல்ல" என்றேன். "தோல் நோய். சாகிறவரைக்கும் என்கூடவே இருக்கும். வரும், போகும். ஆனா யாருக்கும் ஒட்டாது. டாக்டரம்மா வெறுங்கையால தொட்டுப் பார்த்தாங்க. சொல்லப்போனா நான்தான் ஒங்க புள்ளைங்க சளிக்குப் பயந்துக்கணும்."

சாகிறவரைக்கும் என்பது மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்தது. லெட்சுமி குடத்தைத் தூக்கிப் பூச்செடிக்கு ஊற்றிவிட்டு, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஐயா ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்து வேலையைத் திருப்பித் தந்தார். வேலை வந்தது, பிள்ளைகள் வரவில்லை. தாய்மார் லெட்சுமியிடம் கொடுத்தார்கள். நான் கஞ்சி காய்ச்சினேன், துணி அலசினேன், தொட்டிலை ஆட்டினேன். கவிஷா நடக்கப் பழகியிருந்தாள். என்னைப் பார்த்துத் தத்தித் தத்தி வருவாள், லெட்சுமி போய்த் தூக்கிக்கொண்டு வருவாள். பின்னேரம் எல்லாரும் போனபின் மடுவத்திலேயே சுடுதண்ணீரில் குளித்து மருந்து பூசிக்கொள்வேன். முதுகுக்கு அகப்பைக் காம்பில் துணியைச் சுற்றிக் கட்டி ஒரு கருவி செய்திருந்தேன். அதைக் கொண்டு களிம்பைத் தடவும்போதெல்லாம் சோமாவதி அக்கே நினைவுக்கு வருவாள். மரத்துக்கு வலிக்கிறதா என்று கேட்கத் தெரியாது.

பிறகு ஒரு மழை நாள். லெட்சுமி பல்வலி என்று பதுளைக்குப் போயிருந்தாள். தாய்மார் சிலர் அதைக் கேள்விப்பட்டுப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டார்கள்; செல்விக்குத் தெரியவில்லை. பெரட்டுக்குப் பிந்தி நனைந்துகொண்டு ஓடி வந்தாள்.

"லெட்சுமியக்கா இல்லியா?"

"இல்ல."

மலையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொள்கிற மாதிரி கவிஷாவை என் பக்கம் நீட்டினாள். எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன் இதற்கு. என் கை தானாக எழும்பியது. அப்போதுதான் பிள்ளையின் மூக்கைப் பார்த்தேன். ஒழுகிக்கொண்டிருந்தது. நான் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

செல்வியின் முகம் கறுத்தது. "பழிக்குப் பழியா அக்கா?"

"ஐயோ, இல்லடி. புள்ளைக்குச் சளி. நான் திங்கிற மாத்திரைக்கு எனக்குச் சளி ஆகாது. தொண்டையில புடிச்சா மறுபடி எல்லாம் கெளம்பிரும். கொஞ்சம் இரு."

ஆஸ்பத்திரியில் கொடுத்த முகமூடியைத் தேடி எடுத்துக் கட்டினேன். செல்வி மழையில் நின்றபடி யோசித்தாள்.

"அப்ப எங்க புள்ளயாலதான் ஒங்களுக்குப் பயமா? நெசமாவா?"

"அதத்தான அன்னைக்கு தண்ணிக் கொடத்துக்கிட்ட நின்னு சொன்னேன்."

"சொன்னீங்க" என்றாள். "பயத்துல ஒண்ணும் ஏறல."

நான் பிள்ளையை வாங்கினேன். கனத்தாள். என்னை மறக்கவில்லை; முகமூடியை இழுத்துப் பார்த்துவிட்டுத் தோளில் தலையைச் சாய்த்தாள். செல்வி போனபின் நான் அழுதேன். அன்று கவிஷா தூங்கும்வரை அவளை இறக்கி விடவில்லை.

பின்னேரம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த செல்வி, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து வாசலில் போட்டாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் போனபின் நான் குளித்துவிட்டு மருந்தோடு நின்றேன்.

"இது என்னக்கா, அகப்பைக் காம்புல துணி?"

"முதுகுக்கு மருந்து பூச. கை எட்டாது."

செல்வி அந்தக் காம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள். குழாயடிக்குப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். காம்பைத் தொட்டதற்கும் கழுவ வேண்டுமா?

ஈரக் கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நாள் பூரா கொழுந்து எடுத்த கை. காலையில புள்ளைக்கு மூக்க வேற தொடச்சேன். அப்படியே தொட்டா ஒங்களுக்கு ஒட்டிக்கிட்டா என்ன பண்றது? டப்பாவ குடுங்க, அந்தப் பக்கம் திரும்பி ஒக்காருங்க."

திரும்பி உட்கார்ந்தேன். சொரசொரப்பான கை. தோள்பட்டையில் தொடங்கி மெதுவாகக் கீழே வந்தது.

"எரியுதா அக்கா?"

"இல்ல" என்றேன். "இன்னும் கொஞ்சம் மேல பூசு."